குதிகால் வலி: எக்ஸ்ரேயில் தெரியும் முள்தான் காரணமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் என் அக்காவுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அவருக்கு வயது 42. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு சாத்தும் வரை நின்றுகொண்டேதான் வேலை. சில மாதங்களாகப் படுக்கையைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் சுரீரென்று வலிக்கிறது. சமையலறை வரை நடந்து போவதற்குள் குறைந்துவிடுகிறது. மாலையில் மறுபடியும் கூடுகிறது.

எக்ஸ்ரே எடுத்தோம். குதிகாலில் முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஒரு மருத்துவர் ஊசி போடலாம் என்றார். இன்னொருவர் அந்த முள்ளைச் செதுக்கி எடுத்துவிடலாம் என்றார். அம்மாவோ இது குதிகால் வாதம், செங்கல்லைச் சுடவைத்து அதன்மேல் எருக்கிலை போட்டு மிதித்தால் போய்விடும் என்கிறார்.

எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்வதற்கு முன்னால், குதிகாலுக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். அந்த முள் சதையைக் குத்துவதால்தான் வலிக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணைக்கால் எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். இந்த வலியோடு வருகிறவர்களில் பலர் எக்ஸ்ரே படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் தெரியும் முள்ளைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் வருகிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வலியும் இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் முள் தெரிவதுண்டு. கால் ஊன்ற முடியாமல் தவிப்பவர்கள் சிலருக்கு முள்ளே இருக்காது. வலி முழுவதும் தீர்ந்த பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் முள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

இப்போது குதிகாலுக்கு வருவோம். பாதத்தில் 26 எலும்புகள். அவற்றில் பெரியது குதிகால் எலும்பு. கால்கேனியம் என்பார்கள். அதன் அடியில், உட்புறமாக, ஒரு புடைப்பு இருக்கிறது. அங்கிருந்து தடித்த நார்ப்பட்டை ஒன்று கிளம்பி, உள்ளங்கால் நெடுகப் பரவி, ஐந்து கிளைகளாகப் பிரிந்து ஐந்து விரல்களின் அடியிலும் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அக்காவின் பெருவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உள்ளங்கால் வளைவைத் தடவிப் பாருங்கள். விறைப்பாக ஒரு விளிம்பு தட்டுப்படும். அதுதான் அந்தப் பட்டை. அதே விளிம்பைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் குதிகாலின் உட்புறத்தில் ஓரிடத்தில் அக்கா காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். வலியின் இருப்பிடம் அங்கேதான்.

இந்தப் பட்டையின் வேலையை 1954-ல் ஜே. எச். ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் மிக அழகாக விளக்கினார். நடக்கும்போது குதிகால் தரையைவிட்டு எழுகிறது, விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அப்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வதுபோல, இந்தப் பட்டை விரலடி மூட்டுகளைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலுக்கும் விரலடிக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்து, உள்ளங்கால் வளைவு உயர்கிறது. அதுவரை நெகிழ்ந்து தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்துகொடுத்த பாதம், அந்தக் கணத்தில் இறுகி, உடலை முன்னே தள்ளும் நெம்புகோலாகிறது. ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது. இதற்கென்று தனியாக ஒரு தசை வேலை செய்ய வேண்டியதில்லை. விரல் மடங்கினாலே போதும்.

தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடக்கிறது. பட்டையும் கெண்டைச்சதையும் இரவு முழுவதும் தளர்ந்த நிலையிலேயே இருக்கின்றன. எழுந்து நின்றதும் உடலின் எடை மொத்தமும் இறங்கி, பட்டை குதிகாலில் பிடிக்கும் அந்த நைந்துபோன இடம் சட்டென்று இழுபடுகிறது. முதல் அடி அவ்வளவு வலிப்பதற்கும், நடக்க நடக்கக் குறைவதற்கும் இதுதான் காரணம்.

இன்னொன்று. குதிகாலின் பின்பக்கம் யார் பிடித்து இழுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கெண்டைச்சதையில் இரண்டு பெரிய தசைகள். மேலே இருப்பது கேஸ்ட்ராக்னீமியஸ். அது தொடை எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அதற்கு அடியில் இருப்பது சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து உடலிலேயே மிகத் தடித்த தசைநாணாகி, குதிகால் எலும்பின் பின்புறத்தில் பிடிக்கின்றன. அக்கிலிஸ் நாண் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பின்னாலிருந்து இது குதிகாலை மேலே இழுக்கிறது, அடியிலிருந்து நார்ப்பட்டை முன்னே இழுக்கிறது. நடுவில் இருப்பது ஒரே எலும்பு. பிறந்த குழந்தையின் பாதத்தில் இரண்டின் நார்களும் குதிகாலைச் சுற்றி ஒன்றோடொன்று தொடர்ந்தே இருக்கும். வயது ஏறும்போது அந்தத் தொடர்ச்சி மெலிந்துவிடுகிறது, ஆனாலும் ஒன்றின் இழுவிசை மற்றதில் தெரியாமல் போவதில்லை. கெண்டைச்சதை விறைத்துப்போனவர்களுக்குக் குதிகாலடியில் வலி வருவது இதனால்தான். என் அனுபவத்தில், குதிகாலை மட்டும் பார்த்துச் செய்யும் சிகிச்சை பாதிச் சிகிச்சை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அக்காவைத் தரையில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். முழங்காலை நேராக வைத்துப் பாதத்தை முகத்தை நோக்கி எவ்வளவு வளைக்க முடிகிறது என்று பாருங்கள். பிறகு முழங்காலைச் சற்று மடக்கிவிட்டு அதையே செய்யுங்கள். நேராக இருக்கும்போது முடியாதது மடக்கினதும் முடிந்தால், விறைத்திருப்பது முழங்காலைத் தாண்டும் மேல்தசை. இரண்டு நிலையிலும் முடியவில்லை என்றால் சோலியஸோ மூட்டோ பிடித்திருக்கிறது. என்ன தெரிகிறது என்று வந்து எழுதுங்கள்.

பச்சைக்கிளி எழுதியது:

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் படிக்கிறேன். முள்ளைப் பற்றி ஒரு விவரம் சேர்க்கிறேன். அது நார்ப்பட்டையின் உள்ளே வளர்வதாகவே பலரும் நினைக்கிறார்கள். அறுத்துப் பார்க்கும்போது, பெரும்பாலும் அது பட்டைக்கு மேலே, விரல்களை மடக்கும் குட்டைத் தசை தொடங்கும் இடத்தில்தான் இருக்கிறது. அதன் முனை விரல்களை நோக்கி முன்பக்கமாக நீண்டிருக்கும். தரையை நோக்கிக் கீழே நீண்டிருக்காது. எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் பார்க்கும்போது கூர்மையாகத் தெரிவதால் நடக்கும்போது குத்தும் என்று தோன்றுகிறது. அது குத்தும் திசையில் இல்லவே இல்லை.

குதிகாலின் கொழுப்பு மெத்தையைப் பற்றி கணைக்கால் சார் எழுதவில்லை. அதைக் கண்ணால் பார்த்த நாளில் நான் உண்மையிலேயே அசந்துபோனேன். வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பு நகர்ந்துகொடுக்கும். குதிகாலில் இருப்பது நகராது. தோலிலிருந்து எலும்பு வரை நார்ச்சுவர்கள் எழும்பி, கொழுப்பைச் சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைத்து வைத்திருக்கின்றன. மிதிக்கும்போது கொழுப்பு பக்கவாட்டில் வழிந்துவிடாமல் அந்த அறைகளுக்குள்ளேயே அமுங்கி, கால் எடுத்ததும் மீள்கிறது. வயதானாலோ, அங்கே ஸ்டீராய்டு ஊசி திரும்பத் திரும்பப் போட்டாலோ இந்த மெத்தை மெலியக்கூடும். மெலிந்தால் வலி குதிகாலின் நட்ட நடுவில், மிதிக்கும்போதெல்லாம் இருக்கும். காலையில் மட்டும் வந்து போகாது.

தாமிரபரணி எழுதியது:

ஊசியைப் பற்றி இப்படிப் பயமுறுத்துவது சரியில்லை. என் கணவருக்கு இதே வலி. ஊசி போட்ட மூன்றாம் நாளே வேலைக்குப் போனார். லாரி ஓட்டுபவர் மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்துகொண்டு வீட்டில் உட்கார முடியுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் தாத்தா பாட்டி செருப்பே போடாமல் வயலிலும் வரப்பிலும் நடந்தார்கள். அவர்கள் குதிகால் வலி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. செருப்பும் ஷூவும்தான் காலைக் கெடுத்தன என்று நினைக்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணைக்கால் எழுதியது:

அக்கா, உங்கள் கணவருக்கு ஊசி உதவியதை நான் மறுக்கவில்லை. வலியை விரைவில் குறைக்க அது உதவுகிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். அந்த நிவாரணம் சில வாரங்களுக்கு நிற்கும். அதற்குள் கெண்டைச்சதையையும் பாதத்தையும் சரிசெய்தால் ஊசி போட்டதற்குப் பலன் உண்டு. எதுவும் செய்யாமல் வலி திரும்பும்போதெல்லாம் அதே இடத்தில் போட்டுக்கொண்டே போனால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, பச்சைக்கிளி சொன்னதுபோல் மெத்தை மெலிவது. மற்றது, நார்ப்பட்டையே அறுந்துபோவது. அறுந்தால் வளைவு தாழ்ந்துவிடும், பிறகு பாதத்தின் வெளிப்புறத்தில் வேறொரு வலி தொடங்கும். ஓட்டுநர் என்பதால் பிழைப்புக்காக ஒரு தடவை போட்டுக்கொண்டதில் நான் குறை காண மாட்டேன்.

வெறுங்கால் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. 1992-ல் கர்நாடகத்தைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் 2300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். செருப்போ ஷூவோ போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் நடக்கும் குழந்தைகளில் 2.8 சதவீதம் பேருக்கு மட்டுமே. முன்பக்கம் மூடிய ஷூ போட்ட குழந்தைகளிடம் இது அதிகமாகவும், சாதாரணச் செருப்பு போட்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது. பாதத்தின் வளைவு உருவாகும் வயதில் வெறுங்கால் நல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று அது. அந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் உங்கள் தாத்தா நடந்தது மண்ணில். வைகைக்கரையின் அக்கா நிற்பது பளபளக்கும் டைல்ஸ் தரையில், அதுவும் ஒரே இடத்தில். நாற்பது வயதுக்கு மேல் புண்பட்ட குதிகாலோடு கடினமான தரையில் வெறுங்காலில் நின்றால் அது ஆறாது. வலி இருக்கும் காலம் வரையிலாவது, வீட்டுக்குள்ளும்கூட, குதிகால் சற்று உயர்ந்த, மெத்தென்ற செருப்பு போடட்டும்.

பச்சைக்கிளி எழுதியது:

வாழ்க்கை முறை எலும்பிலேயே பதிந்துவிடும் என்பதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. லாகூரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹாவ்லக் சார்லஸ் 1893-ல் பஞ்சாப் மக்களின் கால் எலும்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணைக்காலின் பெரிய எலும்பினுடைய கீழ் விளிம்பின் முன்புறத்திலும், அதைத் தாங்கும் டேலஸ் எலும்பின் கழுத்திலும், வழவழப்பான சிறு தேய்தளங்கள் இருப்பதை அவர் விவரித்தார். குந்தி உட்காரும்போது கணுக்கால் முழுவதும் மடங்கி, அந்த இரண்டு எலும்புகளும் முன்புறத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. அந்தத் தொடுதல் எலும்பில் தடம் விட்டிருக்கிறது. பழைய புதைகுழிகளில் கிடைக்கும் எலும்புக்கூடுகளிலும் இதைத் தேடிப் பார்த்து, இவர்கள் குந்தி உட்கார்ந்து வாழ்ந்தவர்களா என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

குதிகால் தரையில் படியும்படி குந்தி உட்கார சோலியஸ் நன்றாக நீள வேண்டும். குந்தும் பழக்கம் வீட்டுக்கு வீடு குறைந்துவருகிறது. தாமிரபரணி அக்கா செருப்பைக் குற்றம் சொல்கிறார். நான் நாற்காலியையும் மேற்கத்தியக் கழிப்பறையையும் சேர்த்துச் சொல்வேன்.

கரிசல்மண் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் குதிகாலில் ஒன்றும் இல்லை, கரண்டைக்காலில்தான் தொல்லை. வாலிபால் ஆடுகிறேன். குதித்து இறங்கும்போது கால் உட்பக்கமாக மடிந்து, வெளிப்பக்கம் வீங்கிவிடுகிறது. ஒரு தடவை வந்த பிறகு அடிக்கடி வருகிறது. எப்போதும் ஒரே பக்கம் மட்டும் ஏன் பிசகுகிறது? ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

கணைக்கால் எழுதியது:

தம்பி, இதற்கும் எலும்பின் வடிவம்தான் விடை. கணுக்கால் மூட்டில் டேலஸ் எலும்பு, இரு பக்கமும் இறங்கும் கணு எலும்புகளின் இடையில் செருகி நிற்கிறது. டேலஸின் மேற்பகுதி முன்னால் அகலம், பின்னால் குறுகல். பாதம் மேலே வளையும்போது அகலமான பகுதி உள்ளே புகுந்து மூட்டு இறுகிவிடும். விரல் நுனியில் இறங்கும்போது குறுகிய பகுதிதான் உள்ளே இருக்கிறது, மூட்டு தளர்ந்திருக்கிறது. குதித்து இறங்குகிறவருக்கு அந்த நேரத்தில்தான் கால் மடிகிறது. வெளிக்கணு உட்கணுவைவிடக் கீழே இறங்கியிருப்பதால் பாதம் வெளிப்பக்கம் சாய்வது கடினம், உட்பக்கம் சாய்வது எளிது. போதாக்குறைக்கு, உட்புறத்து மூட்டு நார் அகலமானது, மிக வலுவானது. வெளிப்புறத்தில் இருப்பவை மூன்று தனித்தனி நார்கள். அவற்றில் முன்புறம் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது.

எக்ஸ்ரேக்கு ஒரு நல்ல விதி உண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-ல் உருவாக்கியது. இரண்டு கணு எலும்புகளில் ஏதாவது ஒன்றின் பின் விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை, எலும்பின்மேல் அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கத்து நீண்ட எலும்பின் அடிப்பகுதியில் வலிக்கிறதா? உட்புறம் வளைவின் உச்சியில் இருக்கும் படகெலும்பில் வலிக்கிறதா? அடிபட்ட உடனும் மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி நடக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அடிக்கடி வருவதற்குக் காரணம், நார் மட்டும் கிழிவதில்லை என்பது. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் அங்கே மந்தமாகிறது. வீக்கம் வடிந்ததும் ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். அதைச் செய்யாமல் மைதானத்துக்குத் திரும்பினால் மறுபடியும் மடியும். இதைப் பற்றி மேலும் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், அங்கே விரிவாக எழுதுகிறேன்.

வெண்புறா எழுதியது:

மூத்த செவிலியர் நான். நீரிழிவு நோயாளிகளின் கால் புண்களுக்குக் கட்டுப்போடுவதே என் அன்றாட வேலை. இந்த இழையில் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. வைகைக்கரை, உங்கள் அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? இருந்தால் அந்தச் செங்கல் ஒத்தடத்தைத் தயவுசெய்து நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

சர்க்கரை நோய் பாதத்தின் நரம்புகளை மெல்ல மெல்ல மந்தமாக்குகிறது. சூடு தெரியாது. கல் சுடுகிறதா என்று காலால் அறிய முடியாது. காலையில் கொப்புளத்தோடு வருவார்கள். எருக்கம்பாலும் தோலைப் புண்ணாக்கும். கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பு வரை போய், விரலை எடுக்க வேண்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கவனக்குறைவான மனிதர்கள் இல்லை. வலிக்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

உணர்ச்சி இழந்த பாதம் ஏன் அழிகிறது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகால்களைக் கவனித்தார். நோய் சதையைத் தானாக அழுக வைக்கிறது என்று அந்தக் காலத்தில் பரவலாக நம்பினார்கள். விரல்கள் அழிவது உணர்ச்சி இல்லாத இடத்தில் விழும் காயங்களாலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தாலும்தான் என்று அவர் நிறுவினார். பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கணைக்காலின் பின்புறத்துத் தசைநாண் ஒன்றை முன்புறத்துக்கு மாற்றிப் பொருத்தி, பாதத்தை மீண்டும் தூக்க வைக்கும் அறுவையும் அங்கே நடந்தது. நுண்துளை ரப்பரால் செய்யும் எம்.சி.ஆர். செருப்பைத் தொழுநோயாளிகளுக்காகக் கொண்டுவந்தார்கள். இன்றும் சர்க்கரை நோயாளிகளுக்கு அதைத்தான் எழுதிக் கொடுக்கிறோம்.

சர்க்கரை இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்துப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான், வலியே இருக்காது. இழை தொடுவது தெரியாதவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

வெண்புறா அம்மா, அக்காவுக்குச் சர்க்கரை இல்லை, போன மாதம்தான் ரத்தப் பரிசோதனை செய்தோம். ஆனால் அம்மாவுக்கு இருக்கிறது. தனக்குக் கால் வலிக்கும்போதெல்லாம் அவரும் அதே செங்கல்லில்தான் ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். உங்கள் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். செங்கல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

கணைக்கால் சார், நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தோம். முழங்காலை நேராக வைத்தால் வலது பாதம் செங்குத்துக்கு மேல் வரவே இல்லை. மடக்கியதும் நன்றாக வருகிறது. இன்னொரு விஷயம்: இரவு வீட்டுக்கு வரும்போது இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றன, சாக்ஸ் அடையாளம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. இடது கெண்டையில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிகிறது. இதற்கும் குதிகால் வலிக்கும் தொடர்பு உண்டா?

கணைக்கால் எழுதியது:

விறைத்திருப்பது மேல்தசை என்று தெளிவாகத் தெரிகிறது. வீக்கத்துக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டும் நிற்கும் வேலையிலிருந்துதான் வருகின்றன, இரண்டிலும் அதே கெண்டைச்சதை இருக்கிறது.

காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு மேலே ஏற வேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைச்சதை. சோலியஸுக்குள் அகலமான சிரைப் பைகள் இருக்கின்றன. தசை சுருங்கும்போது அவை அமுங்கி ரத்தம் மேலே போகிறது. வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடுவதில்லை. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். அவரே நடக்கத் தொடங்கினால் சில அடிகளுக்குள் அது 30-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. நிற்பதும் நடப்பதும் கால்களுக்கு ஒன்றே இல்லை. நாள் முழுவதும் நடக்கும் தபால்காரரின் காலுக்கும், நாள் முழுவதும் நிற்கும் உங்கள் அக்காவின் காலுக்கும் இதுதான் வேறுபாடு. சுருட்டிய நரம்பு என்று நீங்கள் சொல்வது சிரைதான், அதை ஒரு ரத்தநாள மருத்துவரிடம் காட்டுங்கள். ஒற்றைக் கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டை வலித்தால் அன்றே காட்ட வேண்டும். அது ரத்தம் உறைந்த அறிகுறியாக இருக்கலாம்.

உட்காரும் உரிமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி மருந்து அதில் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அனுமதிக்க வேண்டும் என்கிறது 22-ஏ பிரிவு. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாதபோதும் பெண்களை நிற்க வைக்கும் கடைகள் இன்னும் இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இது யாரும் இரக்கப்பட்டுத் தரும் சலுகை இல்லை, சட்டம்.

இனி பயிற்சி. டென்மார்க்கில் செய்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. படிக்கட்டின் விளிம்பில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை மெல்ல உயர்த்த வேண்டும். மேலே போக மூன்று விநாடி, உச்சியில் இரண்டு விநாடி, இறங்க மூன்று விநாடி. ஒருநாள் விட்டு ஒருநாள். பழகப் பழக, முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு எடையைக் கூட்டுவார்கள். மூன்று மாத முடிவில், உள்ளங்காலை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் இரு குழுவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விரலடியில் துண்டு வைப்பது ஹிக்ஸ் சொன்ன அந்த இழுவையை உண்டாக்குவதற்காக. பட்டையும் கெண்டைச்சதையும் ஒரே நேரத்தில் பளுவைத் தாங்கப் பழகுகின்றன.

அக்காவுக்கு மேல்தசை விறைத்திருப்பதால் சுவரில் கை ஊன்றி, பின்காலின் முழங்காலை மடக்காமல் நின்று கெண்டையை நீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளட்டும். காலையில் படுக்கையிலேயே, இறங்கும் முன், பெருவிரலைக் கையால் முகத்தை நோக்கி இழுத்துப் பத்து விநாடி பிடித்து விட்டு, பத்து தடவை செய்யட்டும்.

சலங்கை எழுதியது:

பரதநாட்டியம் கற்பிக்கிறேன். அரைமண்டியில் முழங்கால் மடங்கியே இருப்பதால் என் மாணவிகளுக்கு சோலியஸ் நன்றாக வேலை செய்கிறது, மேல்தசை நேராக நீள்வது குறைவு. வகுப்பு முடிந்ததும் முழங்காலை நேராக வைத்துக் கெண்டையை நீட்டச் சொல்லத் தொடங்கிய பிறகு குதிகால் வலி என்று வருபவர்கள் குறைந்திருக்கிறார்கள். தட்டடவைச் சிமெண்டுத் தரையில் மணிக்கணக்கில் ஆடவிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மரத்தளம் போட முடியவில்லை என்றால் தடித்த ரப்பர் விரிப்பாவது போடுங்கள். கணைக்கால் எலும்பில் நுண்ணிய முறிவு வந்து நடனத்தையே விட்ட குழந்தைகள் இருக்கிறார்கள்.

வெண்புறா எழுதியது:

குதிகாலில் வலிப்பதெல்லாம் நார்ப்பட்டை வலிதான் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் அமுக்கினால் கடுமையாக வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். வலியோடு எரிச்சலும் மரத்துப்போவதும் இருந்தால் உட்கணுவுக்குப் பின்னால் போகும் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். இளைஞர்களுக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தால் அது முதுகெலும்பு வாதநோயின் தொடக்கமாக இருக்கலாம், வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் இரவிலும் விடாமல் வலித்தாலும் காத்திருக்காதீர்கள்.

மருந்து பற்றியும் ஒன்று. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆண்டிபயாட்டிக்குகள் சிலருக்கு அக்கிலிஸ் நாணைப் பலவீனப்படுத்தும், அறுந்தும் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் இதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அந்த மாத்திரை எடுக்கும்போது குதிகாலுக்கு மேலே வலி தொடங்கினால் நடையைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்காவும் நானும் இந்த இழையை உட்கார்ந்து முழுவதும் படித்தோம். முள்ளைச் செதுக்கும் யோசனையை விட்டுவிட்டோம். இருக்கை கேட்டு அக்காவும் உடன் வேலை பார்க்கும் பெண்களும் சேர்ந்து மேலாளரிடம் பேசப் போகிறார்கள், 22-ஏ பிரிவின் அச்சுப் பிரதியோடு.

ஒரு சந்தேகம் மட்டும். படிக்கட்டுப் பயிற்சியை நேற்று முயன்றார். ஒற்றைக் காலில் எழும்பவே முடியவில்லை, இரண்டு காலில் செய்தாலும் கொஞ்சம் வலிக்கிறது. வலிக்கும்போதே செய்யலாமா, நிறுத்திவிட வேண்டுமா?

கணைக்கால் எழுதியது:

இரண்டு காலிலேயே தொடங்கட்டும். சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்ளட்டும். பளுவைப் படிப்படியாக வலது காலுக்கு மாற்றலாம். செய்யும்போது தாங்கக்கூடிய அளவு வலித்தால் பரவாயில்லை, தொடரலாம். மறுநாள் காலையின் முதல் அடியைக் கவனியுங்கள். அது முந்தைய நாளைவிட அதிகமாக வலித்தால் அடுத்த தடவை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அதே அளவோ குறைவாகவோ இருந்தால் அப்படியே தொடருங்கள். இரண்டு வாரம் கழித்து, முழங்காலை நேராக வைத்த சோதனையை மறுபடி செய்து, பாதம் எவ்வளவு வளைகிறது என்று இங்கே எழுதுங்கள். மேலாளர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.